ஒன்பதாவது கொடி

மாரிராஜின் குரல் தூத்துக்குடியில் பாதி லாரிக்காரர்களுக்குத் தெரியும். முகம் தெரியாது. பைபாஸ் சாலையில் இருக்கும் சரக்குப்பெட்டக யார்டில், எடைமேடைக் கூண்டுக்குள் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். உப்பு வந்தாலும் சரி, காற்றாலை இறக்கை ஏற்றிய நீள வண்டி வந்தாலும் சரி, "டிரைவர் இறங்கி நில்லுங்க" என்று அதே குரலில் சொல்லுவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அவர் மைக்கில் ஊரார் பேரையெல்லாம் வாசித்தாயிற்று. அவர் பேரைத்தான் எந்த மைக்கும் வாசித்ததில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாயும் ஒரு சின்ன ஊர்க்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நன்றாக ஓடுவார். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் சொந்தத் தொழுவத்து மாடே முட்டி, தொடையைக் கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு படிப்பு, வேலை, சுடலைச்செல்வியோடு கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. ஆனால் கால் மறக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதிலும் விடியற்காலையில் யார்டின் மதிலைச் சுற்றி நாலு சுற்று ஓடிவிட்டுத்தான் கூண்டுக்குள் ஏறுவார். "யாரு துரத்துதா உங்களை?" என்று வாட்ச்மேன் தினமும் கேட்பார். மாரிராஜ் தினமும் சிரிப்பார்.

போன வருஷக் கடைசியில் அந்த அறிவிப்பு வந்தது. துறைமுகத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களெல்லாம் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தப் போகின்றன. குடியரசு தினத்தன்று, தேரிக்காட்டில். வரைபடமும் காம்பஸும் கையில் கொடுத்து விட்டுவிடுவார்கள். பாதை கிடையாது. மணலுக்குள் பத்து இடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி நட்டிருக்கும். வரிசையாகக் கண்டுபிடித்து, அங்கே தொங்கும் துளைப்பானால் கார்டில் குத்திக்கொண்டு, கடைசியில் ஆலந்தலைக் கடற்கரைக்கு வந்து சேர வேண்டும். ஓர் அணிக்கு மூன்று பேர். அதில் ஒருவர் பெண், ஒருவர் ஐம்பது வயது தாண்டியவர். முதலில் வரும் அணி ஏற்காட்டில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும்.

மாரிராஜ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஆவணப் பிரிவுக்குப் போனார்.

ஆவணப் பிரிவில் வேதமணிதான் தலைமை. சாத்தான்குளத்துக்காரர். ஐம்பத்தேழு முடிந்து மார்ச்சில் ஓய்வு. பெட்டக எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் கையெழுத்துப் போடமாட்டார். முதலாளியே போன் பண்ணினாலும் "திருத்திக் கொண்டாரச் சொல்லுங்க சார்" என்று வைத்துவிடுவார். அவருக்கு எதிர்நாற்காலியில் விஜிலா. ஆலந்தலைப் பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணாச்சி, பேருக்கு வந்து நின்னாப் போதும்" என்றார் மாரிராஜ்.

"பேருக்கு வந்து நிக்கதுக்கு நான் என்ன மாப்பிள்ளைத் தோழனா? முட்டு ரெண்டும் கழண்டு கெடக்கு மாரி. என்னைப் போயி தேரியில நடக்கச் சொல்லுதியே."

"ஓட வேண்டாம் அண்ணாச்சி. மெதுவா நடங்க. உங்கள விட்டுட்டு நாங்க ஒரு எட்டு போகமாட்டோம்."

"வாங்க சார்" என்றாள் விஜிலா. "அடுத்தவன் தப்பு அம்புட்டும் உங்க கண்ணுல படுது. அம்மாம் பெரிய கொடியா படாமப் போயிரும்?"

வேதமணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது மாரிராஜுக்குத் தெரிந்தது.

பேருக்கு வந்தவர்தான் கடைசியில் மூவரிலும் அதிகம் ஆசைப்பட்டவர் ஆனார். வரைபடத்தின் கோடுகளைப் படிக்க இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கோடுகள் நெருங்கியிருந்தால் மேடு செங்குத்து, விலகியிருந்தால் லேசான சரிவு என்று விஜிலாவுக்குப் பென்சிலால் வரைந்து காட்டினார். அவர் மேஜைக் கண்ணாடியின் கீழே பழைய பயிற்சி வரைபடம் ஒன்று இருந்தது. மத்தியானம் தயிர்ச்சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். ஜனவரி முதல் வாரம் புது கேன்வாஸ் ஷூ வாங்கினார். "இந்த வயசுல பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஷூவைத் தலைமாட்டுல வச்சிட்டுத் தூங்குதாவ" என்று அவர் மனைவி ஜாய் டீச்சர் போனில் விஜிலாவிடம் சொன்னாராம்.

விஜிலா காம்பஸ் பிடிப்பாள். வேதமணி வரைபடம் பார்ப்பார். மாரிராஜ் தூரத்தை அளக்கக் காலடி எண்ணுவார். கெட்டித் தரையில் நூறு மீட்டருக்கு நூற்றிருபத்தெட்டு அடி. தேரி மணலில் நூற்றறுபது. எண்ணுவதில் அவருக்குப் பிசகாது.

குடியரசு தினத்தன்று காலை ஏழு மணிக்குத் தேரியின் விளிம்பில் முப்பத்தொரு அணிகள் நின்றன. போன்களையெல்லாம் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். அமைப்பாளர் விதியைச் சொன்னார். "மூணு பேரும் ஒவ்வொரு கொடிக்கும் போகணும். அவங்கவங்க கார்டை அவங்கவங்க கையாலதான் குத்தணும். கொடிக்குக் கொடி ஆள் நிறுத்த எங்கட்ட ஆள் இல்ல. உங்க மனசாட்சிதான் நடுவர்."

தேரி என்பது பார்த்தவர்களுக்குத்தான் புரியும். மிளகாய்ப்பொடியைக் கொட்டிக் காயப்போட்டது போலக் கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மணல். ஒரு மேட்டில் ஏறினால் அதே மாதிரி இன்னொரு மேடு. நடுவில் பனையும், கொல்லாமரம் என்கிற முந்திரியும், முள்ளும். காற்று ராத்திரியில் எழுதியதைக் காலையில் அழித்துவிடும் மண். காலை வைத்தால் அரை அடி உள்வாங்கி, கால் அடிதான் திருப்பிக் கொடுக்கும்.

ஆனாலும் நன்றாகப் போனார்கள். நாலாவது கொடியில் அவர்களுக்கு முன்னால் இரண்டே அணிகள். ஐந்தாவதில் ஒன்றைத் தாண்டினார்கள். அந்த மூன்று பேரும் தப்பான மேட்டில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். வேதமணி அவர்களைப் பார்த்து, "வடக்கு அங்கன இல்ல தம்பிமாரே, இங்கன இருக்கு" என்று கையைக் காட்டிவிட்டு வந்தார்.

"போட்டியாளுக்கு எதுக்கு சார் வழி சொல்லுதிய?" என்று கத்தினாள் விஜிலா.

"வெயில்ல நிக்கானுவளே, பாவம்லா."

ஏழாவது கொடியில் முன்னால் யாருமே இல்லை. மணலில் அவர்களுக்கு முன்னே ஒரு காலடி கூடக் கிடையாது. 

எட்டும் ஒன்பதும் வடக்கே தள்ளி இருந்தன. எட்டுக்கு நானூறு மீட்டர், அங்கிருந்து ஒன்பதுக்கு ஐந்நூறு, ஒன்பதிலிருந்து குறுக்காகத் திரும்பினால் ஏழாவது கொடிக்குப் பக்கத்து ஒற்றைக் கொல்லாமரத்துக்கே வந்துவிடலாம். அதன்பின் தெற்கே பத்தாவது, பிறகு கடல். ஒரு முக்கோணம் போட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

வேதமணி அந்த மரத்தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, மணல் அவரை இறக்கிவிட்டது. வலது முட்டி வீங்கிப் பேன்ட்டுக்குள் தெரிந்தது.

"ரெண்டு நிமிசம்" என்றார்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. நாலு ஆயிற்று. தூரத்து மேட்டில் மூன்று பச்சைச் சட்டைகள் முளைத்தன. உப்புக் கம்பெனி அணி. மாரிராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை வேதமணியும் பார்த்தார்.

"சரி, நீங்க போங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் என்று தெரியும். பந்தியில் 'போதும்' என்று இலையின் மேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழும். 'நீங்க முன்னால போங்க' என்று ஒருவர் சொன்னால், 'அது எப்படி, சேர்ந்தே போவோம்' என்று மற்றவர் சொல்ல வேண்டும். மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னவர் அதற்குள் எழுந்துவிடுவார். வேதமணி எழுவதற்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். கை நீட்டித் தூக்கிவிட்டால் போதும். பத்து நிமிஷம் பிந்தியிருக்கும்.

மாரிராஜ் கை நீட்டினார். "அப்ப உங்க கார்டைக் குடுங்க அண்ணாச்சி. சேத்துக் குத்திட்டு வந்திருதோம்."

வேதமணி நீண்டிருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணே..." என்றாள் விஜிலா.

"வா பிள்ள. நேரமாவுது."

இரண்டு பேரும் ஓடினார்கள். கூட வேகம் குறைந்தவர் இல்லாமல் ஓடுவது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மாரிராஜ் பின்னால் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு.  எட்டாவது கொடியில் மூன்று கார்டிலும் குத்தினார். ஒன்பதாவதில் மூன்று கார்டிலும் குத்தினார். விஜிலா இரண்டு இடத்திலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து குறுக்கு வழியாகக் கொல்லாமரத்துக்கு வந்தார்கள்.

மரத்தடியில் யாரும் இல்லை.

"அண்ணாச்சீ!" மாரிராஜின் குரல் மேட்டில் பட்டுத் திரும்பிவந்தது. விஜிலாதான் மணலைப் பார்த்தாள். அவர்கள் இருவரின் பழைய காலடிகளுக்குப் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தடம் போயிருந்தது. இடது கால் பதிந்து, வலது கால் இழுத்து. இடது கால் பதிந்து, வலது கால் இழுத்து. எட்டாவது கொடியை நோக்கி.

"நம்ம பின்னாலயே வந்திருக்காவ" என்றாள்.

எட்டாவது கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார் வேதமணி. முகமெல்லாம் வியர்வையும் செம்மண்ணும். அவர்களைக் கண்டதும் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி சிரித்தார்.

"குத்துனது பொய்யாப் போயிரக் கூடாதுல்லா. அதான் வந்து தொட்டுட்டேன். ஒம்பது எங்கன இருக்கு மாரி? அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்திருவமே. கண்ணால பாத்தாக் கூடப் போதும்."

பச்சைச் சட்டைகள் ஏழாவது கொடிக்கு வந்துவிட்டன. பேச்சுக்குரல் காற்றில் கேட்டது.

"நேரம் இல்ல அண்ணாச்சி. அதெல்லாம் ஆச்சு. வாங்க" என்றார் மாரிராஜ்.

வேதமணி வடக்குப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே மேடுதான் தெரிந்தது. பிறகு விஜிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் வரைபடத்தை அவர் திறக்கவே இல்லை. அது சட்டைப் பையிலேயே ஈரமாகிக் கிடந்தது.

ஆலந்தலை மணலில் அவர்கள் கால் வைத்தபோது மணி பதினொன்றே கால். ஏழு நிமிஷ வித்தியாசத்தில் முதலிடம். கரையில் பந்தல் போட்டு மேடை போட்டிருந்தார்கள். கட்டுமரத்தில் சாய்ந்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ஏளா விஜிலா, கடக்கரைக்காரி மணல்ல ஓடி ஜெயிச்சிட்டியாக்கும்!" என்று யாரோ கத்த, அவள் கையைக்கூட அசைக்கவில்லை.

மைக்கில் பேர் வாசித்தார்கள். இனிஷியலோடு, நிறுத்தி, தெளிவாக. மாரிராஜுக்குக் கண் கலங்கியது. கழுத்தில் மெடல் விழுந்தது. அடுத்தது விஜிலா. வேதமணியின் முறை வந்தபோது அமைப்பாளர், "இன்னைக்குப் பந்தயத்துல மூத்தவர் இவர்தான். ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வேதமணி தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வணக்கம். இந்த மெடலை நான் போட்டுக்கிட முடியாது. ஒம்பதாவது கொடியை நான் பாக்கல. எட்டாவதைப் பாத்தேன், ஆனா கார்டைக் குத்துனது என் கை இல்ல. முட்டு வலின்னு உக்காந்துட்டு, கார்டை நான்தான் குடுத்து விட்டேன். பிள்ளைக மேல ஒரு தப்பும் இல்ல. வயசுக்கு மரியாதை குடுத்து மறுபேச்சு பேசாம வாங்கிட்டுப் போச்சு. அவ்வளவுதான். மன்னிச்சுக்கிடுங்க."

பந்தலில் அலைச் சத்தம் மட்டும். மாரிராஜுக்கும் மைக்குக்கும் நடுவில் நாலு அடி இருந்தது. அடி எண்ணுகிற ஆள் அவர், சரியாக நாலு. 'நான்தான் கேட்டேன்' என்பது இரண்டு சொல். கார்டைக் கேட்டு நீட்டிய கை மெடலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அமைப்பாளர் வந்து, தர்மசங்கடமாகச் சிரித்து, மெடல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பச்சைச் சட்டைகளின் பேரை வாசித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும் வேனில் வேதமணி கண்ணை மூடிக்கொண்டார். ஆத்தூர் பாலம் தாண்டும்போது விஜிலா முன்சீட்டிலிருந்து திரும்பி, மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொல்லுவியன்னு பாத்தேன் அண்ணே. நீங்க பேசாம இருக்கும்போது நான் எப்படிப் பேச?"

யார்டில் செய்தி வேனுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. வேறு ஊராக இருந்தால் 'நேர்மையான மனுஷன்' என்று பேசியிருப்பார்களோ என்னவோ. இங்கே கேலிதான் முதலில் வரும். ஒரு எழுத்துப் பிசகுக்கு இருபது வருஷமாக ஆளை விரட்டிய மனுஷன் கார்டைக் கொடுத்து விட்டாராமே! காலையில் வருகைப் பதிவு இயந்திரத்தின் முன்னால் நின்று, "அண்ணாச்சி, நான் டீ குடிச்சிட்டு வாரேன், விரலைக் கழத்தித் தரட்டுமா, சேத்து வச்சிருவியளா?" என்று கேட்டார்கள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிய தாளோடு ஒரு ஏஜென்ட், "மத்ததுக்கெல்லாம் கண்ணை மூடுவிய, இதுக்கு மட்டும் திறப்பியளோ?" என்றே கேட்டுவிட்டான். வேதமணி எல்லாவற்றுக்கும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித்தான் கொடுத்தார்.

மாரிராஜ் இரண்டு தடவை ஆவணப் பிரிவு வரை போனார். முதல் தடவை அங்கே கூட்டம். இரண்டாம் தடவை வேதமணி தனியாக இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க மாரிராஜ். எதும் வேணுமா?" என்றார். முன்னே 'வா மாரி' என்பார். அந்த 'வாங்க'வைத் தாண்டி மாரிராஜால் உள்ளே போக முடியவில்லை. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மேஜைக் கண்ணாடியின் கீழே வரைபடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விடுமுறைப் பட்டியல் இருந்தது.

வீட்டில் சுடலைச்செல்வியிடம்தான் முதலில் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அன்னைக்குக் கேட்டவங்க முன்னால போயிச் சொல்லுங்க" என்றாள்.

மார்ச் கடைசி நாளில், கேன்டீன் ஹாலில் வேதமணிக்கு வழியனுப்பு விழா. முன்வரிசையில் ஜாய் டீச்சர் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் ஜீவமணி பேசும்போது, "முப்பத்தோரு வருஷத்துல அண்ணாச்சி செஞ்ச ஒரே ஒரு தப்பு, அந்தக் கார்டு விஷயம்தான்" என்று நிறுத்தினார். ஹாலே சிரித்தது. வேதமணியும் சிரித்தார். ஜாய் டீச்சர் மட்டும் மடியில் இருந்த கைக்குட்டையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

மாரிராஜ் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். தினமும் மைக்கில் பேசுகிறவருக்கு அன்றைக்குக் குரல் நடுங்கியது.

"அந்தக் கார்டை அண்ணாச்சி குடுக்கல. நான்தான் கேட்டேன். கையை நீட்டிக் கேட்டேன். ஒம்பதாவது கொடியைப் பாத்துட்டு வருவோம்னு அவங்க சொன்னாங்க. வேண்டாம்னதும் நான்தான். எல்லாத் தப்பும் என் தப்பு."

 அவ்வளவுதான், உண்மை வெளியே வந்துவிட்டது என்று மாரிராஜ் நினைத்தார்.  அப்போது ஜீவமணி எழுந்து வந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

"பாத்தியளா! மூத்தவங்க பேரு கெட்டுரக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதாரு. இதுதாம்யா நம்ம யார்டு! கைதட்டுங்கய்யா!"

ஹால் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். "இல்ல சார், நெசமாத்தான்" என்றார் மாரிராஜ். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். விஜிலா மட்டும் தட்டவில்லை. அவள் எழுந்து, "மாரி அண்ணன் சொல்லுதது உண்மை" என்று சொன்னாள். பக்கத்து நாற்காலி வரைக்கும்தான் கேட்டிருக்கும். ஜாய் டீச்சர் இருந்த இடத்திலிருந்தே மாரிராஜைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணில் தண்ணீர்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்றார்.

பிரியாணி முடிந்து, சால்வைகளையும் சுவர்க்கடிகாரத்தையும் காரில் ஏற்றும்போது மாரிராஜ் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் உபசாரத்துக்குச் சொல்லல அண்ணாச்சி."

"எனக்குத் தெரியும்லா" என்றார் வேதமணி. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாததையா நீங்க சொன்னிய? அவங்களுக்குத்தான் தெரியணும். அதுவும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். இன்னைக்குச் சொன்னா இப்படித்தான் இருக்கும்."

கோபமே இல்லாத குரல். பெட்டக எண் பிசகியிருக்கிறது என்று சொல்லுகிற அதே குரல். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

ஜாய் டீச்சர் மறுபக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க தம்பி. சுடலைச்செல்வியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க."

"வாரேன் டீச்சர்" என்றார் மாரிராஜ். வேதமணியும் ஒரு வார்த்தை சொல்லுவாரா என்று குனிந்து பார்த்தார். அவர் மடியில் இருந்த சுவர்க்கடிகாரத்தின் அட்டைப்பெட்டியைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். கார் கேட்டைத் தாண்டிப் பைபாஸில் ஏறியது. எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்று, ஆள் இல்லாத கூண்டைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.